குடையை மடக்கியவர்கள், துடைப்பத்தைத் தூக்கியவர்கள்

லாகோசில் பல வருஷம் கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதால், நைஜீரியா பற்றி வரும் கடிதங்களை ஆசிரியர் நேராக என் மேஜைக்குத் தள்ளிவிடுவார். இந்த முறை கட்டு கொஞ்சம் பெரிசு. 2027 அதிபர் தேர்தலுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, அதற்குள் அங்கே கட்சி மாறுகிறவர்களின் வரிசை நீண்டுவிட்டது. கீழே நான் சொல்வது 2026 ஜனவரி முதல் வாரத்து நிலவரம். இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் இன்னும் நாலு பேர் தாவியிருந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

நைஜீரியாவில் கவர்னர்கள் வரிசையாக ஆளுங்கட்சிக்குப் போகிறார்களாமே, பணம்தான் காரணமா?
- ச.மு., கோவில்பட்டி

முதலில் ஒன்று. அங்கே கவர்னர் என்பவர் மேலிருந்து நியமிக்கப்படுபவர் இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டு நாலு வருஷத்துக்குத் தேர்ந்தெடுப்பவர். மாநிலத்தின் கஜானா, கட்சி, காண்டிராக்ட் எல்லாம் அவர் கையில். அப்படிப்பட்ட 36 பேர் இருக்கிறார்கள்.

2025 ஏப்ரலில் டெல்டா மாநிலக் கவர்னர் ஷெரிஃப் ஒபொரெவோரி, குடைச் சின்னம் கொண்ட எதிர்க்கட்சியான பி.டி.பி.யை விட்டு, துடைப்பச் சின்னம் கொண்ட ஆளுங்கட்சியான ஏ.பி.சி.க்குப் போனார். கூடவே போனவர் முன்னாள் கவர்னர் இஃபியானி ஒகோவா. 2023 அதிபர் தேர்தலில் பி.டி.பி.யின் துணை அதிபர் வேட்பாளரே இந்த ஒகோவாதான்! இப்போதைய அதிபர் டினுபுவைத் தோற்கடிக்க ஊர் ஊராகச் சுற்றியவர், இப்போது அவருடைய கட்சியிலேயே உறுப்பினர். ஜூனில் அக்வா இபோம் கவர்னர் ஊமோ ஏனோ, அக்டோபரில் எனுகு கவர்னர் பீட்டர் ம்பா, நவம்பரில் பயெல்சாவின் டூயே டிரி, டிசம்பரில் ரிவர்ஸ் மாநிலத்தின் சிமினலாயி ஃபுபாரா. எல்லோரும் பி.டி.பி.யிலிருந்து ஏ.பி.சி.க்கு. ஒசுன் கவர்னர் அடெமோலா அடெலெகே மட்டும் கொஞ்சம் வித்தியாசம். அவரும் பி.டி.பி.யை விட்டார், ஆனால் அக்கார்டு என்ற சிறிய கட்சிக்குப் போனார்.

போகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனம் பேசுவார்கள்: மத்திய அரசோடு இணைந்து போனால் மாநிலத்துக்கு நல்லது. கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இது சிரிப்பாக இருக்கும். எண்ணெய் வருமானத்தையும் வரியையும் மாதாமாதம் தலைநகர் அபுஜாவில் ஒரு கமிட்டி கூடிப் பிரிக்கிறது. பிரிக்கும் கணக்கு சட்டத்திலேயே இருக்கிறது. எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்கு 13 சதவீதம் தனியாக உண்டு. கவர்னர் எந்தக் கட்சி என்று பார்த்து அதில் கை வைக்க முடியாது. 2023-ல் பெட்ரோல் மானியத்தை அதிபர் டினுபு நிறுத்திய பிறகு மாநிலங்களுக்குப் போகும் பங்கு கூடத்தான் செய்தது.

அப்புறம் ஏன் போகிறார்கள்? நான் பயத்தை முதலில் வைப்பேன், ஆசையை இரண்டாவதாக. பதவியில் இருக்கும்வரை கவர்னர் மேல் வழக்குப் போட முடியாது, அரசியல் சட்டத்தின் 308-ஆம் பிரிவு காப்பாற்றும். இறங்கிய மறுநாள் அந்தக் கவசம் இருக்காது. போலீசும் சரி, ஊழலை விசாரிக்கும் ஈ.எஃப்.சி.சி.யும் சரி, மத்திய அரசின் கையில். 2019 ஜனவரியில் பெனின் நகரக் கூட்டத்தில் அப்போதைய ஏ.பி.சி. தலைவர் ஆடம்ஸ் ஒஷியோம்ஹோலே மேடையிலேயே சொன்னார், எங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டால் உங்கள் பாவங்கள் மன்னிக்கப்படும் என்று. நாடே சிரித்தது. ஆனால் பேச்சில் எவ்வளவு நிஜம் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு காரணத்தைப் பத்திரிகைகள் அதிகம் எழுதுவதில்லை. பி.டி.பி. இப்போது இரண்டு கோஷ்டியாகக் கிடக்கிறது. தேர்தல் ஆணையத்துக்குப் போகும் வேட்பாளர் பட்டியலில் எந்தத் தலைவரின் கையெழுத்து செல்லும் என்பதே கோர்ட்டில் இருக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. 2019-ல் ஸம்ஃபாரா மாநிலத்தில் ஏ.பி.சி. ஜெயித்தது. உட்கட்சித் தேர்தலை ஒழுங்காக நடத்தவில்லை என்று சொல்லி அந்த ஓட்டுகள் அத்தனையையும் உச்ச நீதிமன்றம் செல்லாதவை ஆக்கியது. இரண்டாவதாக வந்த பி.டி.பி.க்காரர் கவர்னர் ஆனார். கட்சித் தகராறில் பதவியே போகும் என்றால், இரண்டாவது முறை நிற்க நினைக்கும் கவர்னர் எங்கே போய் உட்காருவார்?

கட்சித் தாவலைத் தடுக்கச் சட்டமே கிடையாதா?
- வழக்கறிஞர் ஒருவர், சேலம்

இருக்கிறது, அதில் பெரிய ஓட்டையும் இருக்கிறது. 1999 அரசியல் சட்டத்தின் 68-ஆம் பிரிவு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு, 109-ஆம் பிரிவு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு. எந்தக் கட்சியில் ஜெயித்தாரோ அதை விட்டு வேறு கட்சியில் சேர்ந்தால் இடம் காலி. ஆனால் கட்சி பிளவுபட்டிருந்தாலோ, வேறு கட்சியோடு இணைந்தாலோ பரவாயில்லை. அதனால் தாவுகிற ஒவ்வொருவரும் முதலில் செய்வது, தன் கட்சியில் பிளவு இருக்கிறது என்று ஒரு கடிதம் எழுதுவது.

2015-ல் ஒண்டோ மாநிலத்து அபெகுண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கொஞ்சம் இறுக்கியது. ஏதோ ஒரு மாநிலக் கிளையில் சண்டை என்றால் போதாது, கட்சி தேசிய அளவில் நடக்கவே முடியாதபடி உடைந்திருக்க வேண்டும் என்றது. தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். அமல்படுத்த வேண்டியவர் சபாநாயகர், பல நேரம் அவரே தாவியவர்!

இதில் தம்புவால் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 2014 அக்டோபரில் கீழ்ச்சபை சபாநாயகராக இருந்துகொண்டே அமினு தம்புவால் பி.டி.பி.யிலிருந்து ஏ.பி.சி.க்குப் போனார். அரசு அவருடைய போலீஸ் பாதுகாப்பை எடுத்துவிட்டது. நவம்பரில் சபை கூடும் நாளில் போலீஸ் வாசலை அடைக்க, உறுப்பினர்கள் அங்கி வேட்டியோடு இரும்புக் கேட்டில் ஏறிக் குதித்தார்கள். கண்ணீர்ப்புகை வேறு. எங்கள் ஆபீஸ் டி.வி.யில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள், அன்று மதியம் ஒருவரும் வேலை பார்க்கவில்லை.

கவர்னருக்கும் அதிபருக்கும் இந்தப் பிரிவுகள் பொருந்தாது. துணை அதிபர் அத்திகு அபுபக்கர் பதவியில் இருந்தபடியே வேறு கட்சிக்குப் போனபோது, அதற்காக அவரை இறக்க முடியாது என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 மார்ச்சில் எபோனி கவர்னர் டேவ் உமாஹியின் பதவியை அபுஜா ஹைகோர்ட் பறித்துப் பார்த்தது. ஓட்டு கட்சிக்கு விழுந்தது, உனக்கு இல்லை என்பது நீதிபதியின் வாதம். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. உமாஹி இன்று டினுபுவின் பொதுப்பணித் துறை அமைச்சர்.

கவர்னர் மாறினால் அந்த மாநிலத்து ஓட்டும் கூடவே மாறிவிடுமா?
- பே.ரா., காரைக்குடி

இதுதான் உருப்படியான கேள்வி. அபுஜாவில் ஆளுங்கட்சிக்காரர்கள் இதற்கு 'ஆமாம்' என்று நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

அவர்கள் ஏன் நம்புகிறார்கள் என்றால், அதிபராக அதிக ஓட்டு வாங்கினால் மட்டும் போதாது. மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில், அதாவது 24 மாநிலங்களில், தலா 25 சதவீதமாவது வாங்கியிருக்க வேண்டும். வடக்கில் மட்டுமோ தெற்கில் மட்டுமோ கொடி பறக்கவிட்டு யாரும் அதிபராகிவிடக் கூடாது என்று வைத்த விதி. ஆக, எதிரியின் கோட்டையிலும் கால்வாசி ஓட்டு எடுத்துத் தர ஒரு ஆள் தேவை. அங்கே அரசியல்வாதிகள் வாயில் நிற்காமல் ஓடும் வார்த்தை 'ஸ்ட்ரக்சர்'. வார்டு வரைக்கும் ஆள், ஏஜென்ட், வண்டி, செலவுக்குக் காசு. கவர்னர் வந்தால் அது மொத்தமாக வரும். 2025 முடிவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட கவர்னர்கள் ஏ.பி.சி.யில் இருக்கிறார்கள், தற்செயல் இல்லை.

ஆனால் 2023-ஐப் பாருங்கள். கிராஸ் ரிவர் கவர்னர் பென் அயாடேவும் எபோனியின் உமாஹியும் பி.டி.பி.யை விட்டு ஏ.பி.சி.க்குப் போயிருந்தார்கள். அதிபர் தேர்தலில் இரண்டு மாநிலமும் யாருக்குப் போயின? கவர்னரே இல்லாத தொழிலாளர் கட்சியின் பீட்டர் ஓபிக்கு. அயாடே செனட்டுக்கு நின்று அதிலும் தோற்றார். அதே மாதிரி தாவிய ஸம்ஃபாரா கவர்னர் பெல்லோ மத்தவாலே இரண்டாவது முறை நின்று பி.டி.பி.யிடம் தோற்றார்.

லாகோஸ் இன்னும் வேடிக்கை. டினுபு அங்கே எட்டு வருஷம் கவர்னர், அதன் பிறகு வந்த ஒவ்வொரு கவர்னரும் அவர் கை காட்டிய ஆள். ஓபிக்கு ஸ்ட்ரக்சர் இல்லை என்று டீக்கடை வரை சிரித்தார்கள். தேர்தல் நாளில் வண்டி ஓடக் கூடாது என்பது விதி. பையன்கள் பெரிய ரோட்டில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், இளவட்டங்கள் நடந்தே பூத்துக்குப் போனார்கள். எண்ணி முடித்தபோது ஓபி 5,82,454, டினுபு 5,72,606. சொந்தக் கோட்டையிலேயே சுமார் 10,000 ஓட்டில் பின்தங்கினார். ஆனால் நாடு முழுக்கக் கூட்டியபோது அதிபர் ஆனவர் அவர்தான், அதையும் மறக்கக் கூடாது.

தாவிய பெரிய தலையை ஒரு மாநிலமே வீட்டுக்கு அனுப்பிய சம்பவம் 2019-ல் க்வாராவில் நடந்தது. செனட் தலைவர் புக்கோலா சராக்கி 2018 ஜூலையில் ஏ.பி.சி.யை விட்டு மறுபடி பி.டி.பி.க்குப் போனார். அந்த மாநில அரசியல் அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தின் சொத்து மாதிரி. 'ஓ டோ கே', அதாவது போதும், என்ற கோஷத்தோடு ஜனங்கள் கிளம்பி, அவரையும் அவர் ஆட்களையும் ஒரே தேர்தலில் கழுவி ஊற்றிவிட்டார்கள்.

எதிர்க்கட்சிக்காரரான விகே எப்படி டினுபு மந்திரிசபையில் இருக்கிறார்? தலை சுற்றுகிறது.
- ஜெ., நாகர்கோவில்

எனக்கும்தான். மெதுவாகச் சொல்கிறேன்.

2022 மே மாதம் அபுஜாவில் பி.டி.பி.யின் உட்கட்சித் தேர்தல். ரிவர்ஸ் கவர்னர் நியேசம் விகேயும் அத்திகுவும் மோதினார்கள். கடைசி நேரத்தில் தம்புவால் (ஆமாம், கேட் கதைக்காரர், இதற்குள் பி.டி.பி.க்குத் திரும்பியிருந்தார்) விலகித் தன் ஆட்களை அத்திகுவுக்குப் போடச் சொன்னார். அத்திகு 371, விகே 237. சரி, துணை அதிபர் இடமாவது கிடைக்கும் என்று பேச்சு இருந்தது. அத்திகு ஒகோவாவைத் தேர்ந்தெடுத்தார்.

விகே கட்சியை விட்டுப் போகவில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம். அதிபர் வேட்பாளரும் வடக்கு, கட்சித் தலைவரும் வடக்கு, இது நியாயமா என்று கேட்டு, இன்னும் நாலு கவர்னர்களைச் சேர்த்துக்கொண்டு உள்ளே இருந்தே மல்லுக்கு நின்றார். 2023 தேர்தலில் ரிவர்ஸ் மாநிலத்தில் டினுபு ஜெயித்ததாக ஆணையம் அறிவித்தது. பி.டி.பி.யின் கோட்டையில் அத்திகுவுக்கு மூன்றாமிடம். அந்த ஆகஸ்டிலேயே விகே அபுஜா தலைநகர்ப் பகுதியின் அமைச்சர் ஆனார், பி.டி.பி. உறுப்பினர் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டே. கட்சி 2025 நவம்பரில் இபாதான் மாநாட்டில்தான் அவரை நீக்கியது. அவர் அந்த மாநாட்டையே ஏற்கவில்லை.

இதற்குள் ரிவர்ஸில் இன்னொரு சண்டை. விகே தனக்குப் பின் கொண்டுவந்த ஃபுபாரா, விகேயின் ஆட்சியில் மாநிலத்தின் தலைமைக் கணக்காளர். எங்கள் தொழில்காரர், கூச்ச சுபாவம் போலத் தெரிவார், சொன்னபடி கேட்பார் என்று விகே நினைத்திருக்க வேண்டும். சில மாதத்தில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. 2023 டிசம்பரில் விகே பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் 27 பேர் ஏ.பி.சி.க்கு மாறியதாக அறிவித்தார்கள். 2025 மார்ச் 18 அன்று டினுபு அங்கே அவசரநிலை அறிவித்து, கவர்னரையும் சட்டமன்றத்தையும் ஆறு மாதம் ஒதுக்கிவைத்து, ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவரை உட்காரவைத்தார். செப்டம்பரில் ஃபுபாரா திரும்பினார், டிசம்பரில் டினுபு கட்சியிலேயே சேர்ந்தார். தன்னை ஒதுக்கிவைத்தவரின் கட்சியிலா என்று கேட்பீர்கள். மறுபடி ஒதுக்கிவைக்கப்படாமல் இருக்க வேறு எங்கே போவார்?

விகேயும் ஒரு காலத்தில் முந்தைய கவர்னர் ரொட்டிமி அமேச்சியின் அலுவலகத் தலைமை அதிகாரியாக இருந்தவர், பிறகு பரம எதிரி ஆனவர். அந்த மாநிலத்தில் கவர்னர் நாற்காலி கைமாறினால் குருவுக்கும் சீடனுக்கும் ஆகாது.

உங்களுக்கு மிகவும் பிடித்த கட்சித் தாவல் எது?
- குறும்புக்கார வாசகி, பொள்ளாச்சி

எடோ மாநிலம், சந்தேகமே இல்லை. 2016 கவர்னர் தேர்தலில் ஏ.பி.சி. சார்பில் காட்வின் ஒபசெகி, பி.டி.பி. சார்பில் ஒசாகி இசே-இயாமு. ஒபசெகியை ஜெயிக்கவைத்தவர் பாவமன்னிப்புப் புகழ் ஒஷியோம்ஹோலே. 2020-ல் அதே இருவர், ஆனால் கட்சிகள் இடம் மாறிவிட்டன. ஒபசெகி பி.டி.பி., இசே-இயாமு ஏ.பி.சி. நாலு வருஷம் முன்பு யாரை ஏசினாரோ அவருக்கு ஓட்டுக் கேட்டு அதே தெருக்களில் ஒஷியோம்ஹோலே கை கூப்பினார். பழைய வீடியோக்களை எதிர்த்தரப்பு விடுமா? ஒபசெகியே மறுபடி ஜெயித்தார்.

நைஜீரியா ஒரு கட்சி நாடாகிவிடும் என்கிறார்களே?
- த.வீ., வேலூர்

2008-ல் பி.டி.பி.யின் தலைவராக இருந்த வின்சென்ட் ஒக்புலாஃபோர், நாங்கள் 60 வருஷம் ஆள்வோம் என்றார். அன்று கவர்னர்களில் பெரும்பாலோர் அவர்கள் பக்கம்தான். 2013 ஆகஸ்ட் கடைசியில் கட்சி மாநாட்டிலிருந்து ஏழு கவர்னர்கள் எழுந்து நடந்தார்கள், அத்திகுவும் கூட. அதில் ஐந்து பேர் நவம்பரில், அந்த வருஷம்தான் பிறந்திருந்த ஏ.பி.சி.யில் சேர்ந்தார்கள். 2015 பிப்ரவரியில், பி.டி.பி.யின் முதல் அதிபரான ஒபசான்ஜோ தன் உறுப்பினர் அட்டையைக் கேமரா முன்னால் கிழிக்கவைத்தார். அடுத்த மாதம் அதிபர் தேர்தலில் ஏ.பி.சி.யின் புகாரி 1.54 கோடி ஓட்டு, பதவியிலிருந்த பி.டி.பி.யின் ஜோனத்தன் 1.28 கோடி. பதவியில் இருந்த அதிபர் அந்த நாட்டில் தோற்றது அதுவே முதல் முறை. 60 வருஷம் 16-லேயே முடிந்தது.

எல்லோரும் ஒரே கட்சியில் சேர்ந்தால் சண்டை ஒழிவதில்லை, உள்ளே வருகிறது. ஒரு மாநிலத்துக்கு ஒரு கவர்னர் டிக்கெட்தான். புதிதாக வந்தவருக்குக் கொடுத்தால், பத்து வருஷமாக அங்கே துடைப்பம் பிடித்து நின்றவர் எங்கே போவார் என்று ஏ.பி.சி.யில் இப்போதே முணுமுணுப்பு இருக்கிறது. எதிர்க்கட்சிகளுக்கு ஆள் கிடைக்கப் போவது அங்கிருந்துதான்.

கட்சி மாறும் பழக்கம் ராணுவ ஆட்சிக்குப் பிறகு வந்ததா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி

இல்லை ஐயா, சுதந்திரத்துக்கும் முந்தியது. 1952 ஜனவரியில் இபாதானில் மேற்கு மண்டலச் சட்டசபை கூடியபோது, நாம்டி அசிகிவேயின் கட்சிப் பக்கம் என்று எண்ணப்பட்ட பலர் அவொலோவோவின் கட்சி வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் முதலிலிருந்தே எங்கள் ஆட்கள் என்று அவொலோவோ தரப்பு இன்றுவரை சாதிக்கிறது. கட்சித் தாவலுக்கு 'கார்பெட் கிராசிங்' என்ற பெயர் அங்கே வேர்விட்டது அன்றுதான்.

அத்திகுவும் ஓபியும் ஒரே கட்சிக்கு வந்துவிட்டார்களே, டினுபு கதை முடிந்ததா?
- மு.க., திருவாரூர்

கூட்டல் கணக்குப் போட்டால் அப்படித்தான் தோன்றும். 2023-ல் டினுபு 87.9 லட்சம், அத்திகு 69.8 லட்சம், ஓபி 61 லட்சம், கானோவின் சிவப்புக் குல்லாய்க்காரர் குவான்குவாசோ 14.9 லட்சம். எதிர்ப்பு ஓட்டைச் சேர்த்தால் டினுபு எங்கோ நிற்கிறார். 2025 ஜூலையில் எதிர்க்கட்சிக்காரர்கள் ஏ.டி.சி. என்ற பழைய சிறிய கட்சியைத் தங்கள் பொதுக் கூடாரமாக எடுத்துக்கொண்டார்கள். முன்னாள் செனட் தலைவர் டேவிட் மார்க் அதற்குத் தலைவர். புதுக் கட்சி பதிவு செய்யலாமே என்றால், தேர்தல் ஆணையத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் விண்ணப்பித்துக் காத்திருந்தன. அத்திகு நவம்பரில் சேர்ந்தார். டிசம்பர் 31 அன்று எனுகுவில் ஓபி.

ஆனால் இந்த ஓட்டுகள் ஒரே பையில் போடக்கூடியவை இல்லை. ஓபிக்குப் போட்ட லாகோஸ் இளைஞர்களில் பாதிப் பேர் அத்திகு மாதிரி ஆட்களை எதிர்த்துத்தான் போட்டார்கள். தெற்கும் வடக்கும் எட்டெட்டு வருஷம் மாறி மாறி ஆளவேண்டும் என்ற எழுதாத ஒப்பந்தம் வேறு இருக்கிறது. வடக்கத்தி புகாரி எட்டு வருஷம் இருந்துவிட்டுப் போனார், ஆக 2031 வரை தெற்கின் முறை. அதனால்தான் தெற்கத்தி ஓபி, நான் வந்தால் நாலே வருஷத்தில் இறங்கிவிடுவேன் என்கிறார். அத்திகு வடக்கு. 2026 நவம்பரில் அவருக்கு 80 வயது. 1993-லேயே அதிபர் வேட்பாளர் ஆக முயன்றவர். 2007-ல் அவருக்கு டிக்கெட் கொடுத்த கட்சியை நடத்தியவர் யார் தெரியுமா? டினுபு. அதற்கப்புறம் பி.டி.பி., ஏ.பி.சி., மறுபடி பி.டி.பி., இப்போது ஏ.டி.சி. டினுபுவும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். அவர் கட்சி மாறியதில்லை என்பார்கள். ஏ.டி., ஏ.சி., ஏ.சி.என்., ஏ.பி.சி. என்று கட்சியின் பெயர்தான் அவருக்காக மாறிக்கொண்டே வந்தது.

2019-ல் அத்திகு அதிபர் வேட்பாளர், ஓபி அவருக்குத் துணை, தோற்றார்கள். இந்த முறை யார் முன்னால், யார் பின்னால் என்பது உட்கட்சித் தேர்தலில் தெரியும். 2022-ல் பி.டி.பி.யின் உட்கட்சித் தேர்தலுக்குச் சில நாள் முன்புதான் ஓபி அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார். டினுபுவின் ஆட்கள் இப்போது கண் வைத்திருப்பதும் அந்தச் சில நாட்களில்தான்.